பெலும் குகையில தட்டிப் பாக்கச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க சுற்றுலா பக்கத்துல ஆந்திரா குகைன்னாலே பொர்ராவும் அரக்கு ட்ரெயினும்தான் வருது, நமக்கு அதைவிட ரொம்ப பக்கத்துல இருக்கிற பெலும் குகைக்கு கடைசியா ரெண்டு வரி ஒதுக்குறீங்க, அந்த ரெண்டு வரியிலயும் "பெலும் உள்ள இருக்கிற சப்தஸ்வர குகையில கல்லைத் தட்டினா சங்கீதம் கேக்கும், தட்டிப் பாருங்க"ன்னு போட்டிருந்துச்சு. அதை மட்டும் இனிமே போடாதீங்கன்னு சொல்லத்தான் இந்த லெட்டர்.

போன குளிர்காலத்துல குடும்பத்தோட போயிட்டு வந்தோம். சென்னை - மும்பை லைன்ல தாடிபத்ரியில எறங்கினா அங்கேருந்து சுமார் 30 கிலோமீட்டர், நந்தியால் மாவட்டம் கொலிமிகுண்ட்லா பக்கம். குகைன்னா மலை ஏறணும்னு நெனச்சுட்டுப் போறவங்க ஏமாந்துடுவாங்க, சுத்திலும் வயக்காடு, சமதரை, அதுல கிணறு மாதிரி பள்ளம், படியில எறங்கினா உள்ள 3,229 மீட்டர் நீளத்துக்கு போகுது! நம்மள நடக்க விடுறது அதுல பாதி இருக்கும். மேகாலயாவுல இதைவிட நீளமான குகைங்க இருக்கு, சமவெளியில இதுதான் பெருசுன்னு சொல்றாங்க.

இதைப் பத்தி 1884லயே எழுதி வச்சவர் ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கிற வெள்ளைக்கார நிலவியல் ஆய்வாளர், நம்ம பல்லாவரத்துல 1863ல கற்கால கோடரியை கண்டெடுத்தாரே அவரேதான். அப்புறம் ரொம்ப வருஷம் யாரும் கண்டுக்கல, ஊர்க்காரங்க குப்பை கொட்டிட்டு இருந்திருக்காங்க. 1980கள்ல டேனியல் கெபாவர்னு ஒரு ஜெர்மன்காரர் டீமோட வந்து உள்ள அளந்து மேப் போட்டார், ஜனங்களுக்கு திறந்து விட்டது 2002ல.

நம்ம வீட்டு கிச்சன் மேடையில இருக்கிற கடப்பாக்கல் இருக்கே, அது இந்த வட்டாரத்துல வெட்டி எடுக்கிற கருப்பு சுண்ணாம்புக்கல்தான். எலுமிச்சம்பழ சாறு அதுல சிந்தி துடைக்காம விட்டா வெள்ளையா அரிச்சு கறை விழும்ல, அதே வேலையைத்தான் இங்க மழைத்தண்ணி பண்ணியிருக்கு. மண்ணுல எறங்கும்போது கரியமில வாயுவை சேத்துக்கிட்டு லேசா புளிப்பாகி, லட்சக்கணக்கான வருஷமா கல்லைக் கரைச்சு கரைச்சு இவ்ளோ பெரிய வழி ஆக்கியிருக்கு. கரைஞ்ச சுண்ணாம்பு மேலேருந்து சொட்டும்போது கொஞ்சூண்டு அங்கேயே ஒட்டிக்கும், அப்படி ஒரு மில்லிமீட்டர் வளரவே பல வருஷம் ஆகும். கோடிலிங்கம்னு ஒரு இடம், ஆலமரத்து விழுது மாதிரி ஒரு இடம், ஆயிரம் படம் எடுத்த நாகம்னு ஒரு இடம், எல்லாமே இந்த சொட்டுதான்.

இப்ப தட்டுற விஷயத்துக்கு வரேன். நாங்க போனப்ப ஒரு கூட்டம், பெரியவங்க உட்பட, ஆளாளுக்கு முட்டியாலயும் குச்சியாலயும் தட்டிட்டு இருந்தாங்க, பேப்பர்லயே போட்டிருக்கானேன்னு ஒருத்தர் செல்போனைக் காட்டுறார். சத்தம் வருது, இல்லைன்னு சொல்லல. ஆனா தொங்குற கல்லோட நுனி ரொம்ப மெல்லிசு, ஒடைஞ்சா ஒட்ட வைக்க முடியாது. தட்டாம வெறுமனே தொட்டாலும் கையில இருக்கிற எண்ணெய்ப்பசை படிஞ்ச இடத்துல சுண்ணாம்பு சரியா ஒட்டாது, அங்க வளர்ச்சி கெட்டுப் போகும். மனுஷங்க மூச்சுக்காத்தும் லைட்டு பக்கத்துல வளர்ற பாசியும் உள்ள இருக்கிற கற்கால ஓவியங்களைக் கெடுத்ததாலதான் பிரான்ஸ்ல லாஸ்கோ குகையை 1963லயே ஜனங்களுக்கு மூடிட்டாங்க. பெலுமை மூடணும்னு நான் சொல்லல, எல்லாரும் போகணும், அதுவும் பசங்களைக் கூட்டிட்டுப் போகணும், புவியியல் புக்குல படம் பாத்து மனப்பாடம் பண்றதை நேர்லயே பாத்துடலாம்.

அதனால அடுத்த தடவை எழுதும்போது, உள்ள புழுக்கம் தாங்காது (குளிர்காலத்துலயே எங்களுக்கு சட்டை நனைஞ்சு போச்சு), தண்ணி பாட்டில் வேணும், உள்ள ஓடுற பாதாள கங்கைங்கிற சின்ன ஓடை பக்கம் குனிஞ்சு போகணும், முட்டிவலி இருக்கிறவங்க யோசிச்சு எறங்கணும், இதெல்லாம் போடுங்க. பக்கத்துல கண்டிக்கோட்டா கோட்டை, யாகந்தி கோயில் இருக்கு, அதையும் சேத்தா ரெண்டு நாள் ட்ரிப்புக்கு சரியா இருக்கும். 'தட்டிப் பாருங்க'ன்னு இருக்கிற எடத்துல 'கை வைக்காதீங்க'ன்னு போட்டுடுங்க, எழுத்துக்கூட ஏறக்குறைய அவ்ளோதான் வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அரக்கோணம்.