விட்டுப்போன 35

அன்புள்ள சேகருக்கு,

எட்டு மாதமாகப் பதில் போடாதவன் என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, ஆனால் படித்து முடித்துவிட்டுத் திட்டு. எல்லோரும் நலம். அப்பா பிப்ரவரியிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு இடது கை இன்னும் சரியாகவில்லை. கோபம் மட்டும் பழைய வேகத்திலேயே இருக்கிறது. உனக்குத் தெரியாததா?

சொல்ல வந்தது வேறு. போன வாரம் ஒரு நாள் வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டேன். உள்ளே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பது வாசல்வரை கேட்டது. சாவியை நுழைத்தேன்; சிரிப்பு நின்றது, தொலைக்காட்சியும் நின்றது. உள்ளே போனால் இருவரும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். சின்னவன் கையில் அக்காவின் கணக்குப் புத்தகம்!

அப்பா சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டதும் கேரம் போர்டைக் கட்டிலுக்கடியில் தள்ளுவோமே, நினைவிருக்கிறதா? இப்போது அந்தச் சத்தம் நான்தான்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. 1967இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் போட்ட பட்டியல் ஒன்று கிடைத்தது. வாழ்க்கையை உலுக்கும் 43 நிகழ்வுகளுக்கு மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். துணையை இழப்பதற்கு 100. திருமணத்துக்கு 50 (உன் திருமணத்தன்று நீ விழித்த விழிக்கு அது போதாது). விடுமுறைக்குக்கூட 13! என் கணக்கைக் கூட்டினேன்: குடும்பத்தில் ஒருவர் உடல்நிலை 44, வேலையில் பொறுப்பு மாறியது 29, வீடு மாறியது 20. ஆக 93. 150க்குக் கீழே இருந்தால் மன அழுத்தத்தால் நோய் வரும் ஆபத்து பெரிதாக இல்லையாம். அப்பாடா என்று மனைவியிடம் காட்டினேன்.

அவள் பென்சிலை எடுத்து அடியில் 35 என்று எழுதினாள். கணவன் மனைவி வாக்குவாதத்தின் அளவு வெகுவாக மாறுவது.

"அவ்வளவா கூடிவிட்டது?" என்றேன்.

"குறைந்துவிட்டது. நான் பதில் பேசுவதை நிறுத்தி மாதக்கணக்காகிறது."

எனக்கு அதுகூடத் தெரியவில்லை, சேகர். வீடு அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தினமும் பத்து நிமிடம் படிக்கட்டில் உட்கார்ந்து, மூச்சை மெல்ல வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். நெஞ்சின் படபடப்பு கொஞ்சம் அடங்கத்தான் செய்கிறது. வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார்கள் என்று மாடி வீட்டுக்காரர் பரிதாபமாகப் பார்க்கிறார். இரண்டு நாள் பலித்தது. மூன்றாம் நாள் ஒற்றைச் செருப்புக்காகக் கத்திவிட்டேன்.

ஆனால் நேற்று அப்பாவின் மாத்திரை விஷயத்தில் அவள் என்னோடு அரை மணி நேரம் சண்டை போட்டாள். இத்தனை நிம்மதியாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

உன் கணக்கையும் கூட்டி எழுது. வீட்டில் காட்டித் திருத்திய பிறகு அனுப்பு.

உன்,
ரவி