ஜாப் கார்டில் எழுதாமல் விட்ட புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு
நகல்: வாரண்டிப் பிரிவு, ரீகால் பிரிவு

பொருள்: ஓடும்போது எஞ்சின் நின்றுபோகும் குறை, ஃபியூயல் பம்ப் மாற்றிய செலவைத் தர மறுத்தது, மாற்றிய பம்பும் ரீகாலில் (குறையுள்ள வண்டிகளை நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்வதில்) இருக்கிறதா என்பது பற்றி.

ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் நான் அனுப்பிய 3 மின்னஞ்சல்களுக்கும் உங்கள் பிரிவிலிருந்து ஒரே பதில்தான் வந்தது: "வாரண்டிக் காலத்துக்குள் இந்தக் குறை பதிவாகவில்லை." இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றியது. குறை இருந்தது. நான் சொன்னேன், அதுவும் 3 தடவை நேரில் போய். எழுத வேண்டியவர்கள் எழுதவில்லை.

வண்டி வாங்கி 26 மாதம், ஓடோமீட்டரில் 41,200 கிலோமீட்டர் இருந்தபோது முதல் தடவை நடந்தது. உச்சி வெயில். அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டியிருப்பேன். முன்னால் போன லாரியைத் தாண்டலாம் என்று ஆக்சிலரேட்டரை மிதித்தேன், வண்டி இழுக்கவில்லை. விக்கல் எடுத்த மாதிரி இரண்டு மூன்று குலுக்கல், அப்புறம் எஞ்சின் சத்தமே இல்லை. டேஷ்போர்டில் இருக்கிற எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தது. ஸ்டீரிங் கனத்துப்போனது. பிரேக் முதல் மிதிக்கு வழக்கம்போலப் பிடித்தது, மூன்றாவது மிதிக்குப் பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. எஞ்சின் நின்றபின் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும் என்று படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கால் தெரிந்துகொண்டது. பின்சீட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். எப்படியோ ஓரம் கட்டினேன். 10 நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் ஸ்டார்ட் ஆனது.

மறுநாள் காலை உங்கள் டீலரின் சர்வீஸ் சென்டரில் நின்றேன். சர்வீஸ் அட்வைசர் கேட்ட முதல் கேள்வி, "செக் லைட் எரியுதா சார்?" எஞ்சின் குறையைக் காட்டும் டேஷ்போர்டு விளக்கைக் கேட்கிறார். இப்போது எரியவில்லை என்றேன். "அப்ப கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இருக்காது" என்றார். ஸ்கேன் கருவியைச் செருகிப் பார்த்தார்கள், அவர் சொன்னபடியே ஒன்றும் இல்லை. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து பில் போட்டுக் கொடுத்தார்கள்.

ஒன்றும் இல்லாததற்குக் காரணம் உண்டு. இதை உங்கள் என்ஜினியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கவுன்ட்டரில் இருப்பவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். எரிபொருள் போதாமல் எஞ்சின் திணறும் வகைக் குறைகளுக்குப் பெரும்பாலான வண்டிகளில் ஒரே ஓட்டத்தில் விளக்கு எரிந்துவிடாது, அடுத்தடுத்த ஓட்டங்களில் அதே குறை மறுபடி தெரிய வேண்டும். எஞ்சின் சட்டென்று நின்று, ஆறி, மறுபடி ஒழுங்காக ஓடினால் கம்ப்யூட்டர் அதை மறந்தேவிடும். விளக்கு எரியவில்லை என்பதும் குறை இல்லை என்பதும் வேறு வேறு.

இரண்டாவது தடவை 43,080 கிலோமீட்டரில். அதே வெயில் நேரம், அதே அரை மணி நேரக் கணக்கு. இந்த முறை பாட்டரி டெர்மினலை இறுக்கி, ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றினார்கள். பிளக் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது என்று அதற்கும் பணம் வாங்கினார்கள். சரி என்று கொடுத்தேன்.

மூன்றாவது தடவைக்குள் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. வண்டி நின்ற உடனே ஓரத்தில் இருந்தபடியே டேஷ்போர்டை வீடியோ எடுத்தேன். எஞ்சின் முள் பூஜ்யத்தில் கிடக்கிறது, சாவியைத் திருப்பினால் மோட்டார் சுற்றுகிறது, பற்றவில்லை, எல்லாம் அதில் தெரியும். அதை அட்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "நோட்டட் சார்" என்று பதில் வந்தது. எங்கே நோட் பண்ணினார் என்றுதான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த முறை வண்டியை 4 நாள் வைத்துக்கொண்டார்கள். விடும்போது ஓடோமீட்டர் 44,612. எடுக்கும்போது 44,615. சூடேறி அரை மணி நேரம் ஓடினால்தான் வரும் குறையைக் கண்டுபிடிக்க 4 நாளில் 3 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார்கள், அதிலும் வாஷிங் போய்வந்த தூரம் போக எவ்வளவு என்று தெரியாது. ஃபியூயல் லைனில் ஒரு பிரஷர் கேஜை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும் என்று பிறகு வெளியில் ஒரு மெக்கானிக் சொன்னார். உங்கள் ஆட்கள் எழுதியது: "குறை தென்படவில்லை. வண்டி சரியாக உள்ளது." சாவியைக் கையில் கொடுக்கும்போது, "கம்பெனியிலிருந்து போன் வரும் சார், பத்துக்குப் பத்து போட்டுடுங்க" என்று ஒரு வேண்டுகோள் வேறு.

36-ஆவது மாதம் வாரண்டி முடிந்தது. முடிந்த 19-ஆவது நாள், ஒரு நாற்சந்தியில் திரும்பிக்கொண்டிருக்கும்போது வண்டி நின்றது. இந்த முறை ஆறிய பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை. டோ வண்டி வைத்து அதே சர்வீஸ் சென்டருக்கு இழுத்துவந்தேன். ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்: டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் ஃபியூயல் பம்ப். வண்டி முழுசாகச் செத்துப்போனால் கண்டுபிடிப்பது சுலபம்தான். வாரண்டி இல்லை என்பதால் பம்ப், கூலி எல்லாம் என் பணத்தில்.

இரண்டு மாதம் கழித்து உங்கள் நிறுவனத்திலிருந்து வீட்டுக்குக் கடிதம் வந்தது. ரீகால். குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளில் பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்பின் இம்பெல்லர், அதாவது உள்ளே சுற்றும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் சக்கரம், பெட்ரோலை உறிஞ்சி உப்பிப் பம்பின் உடலில் உரசலாம், அதனால் ஓடும்போது எஞ்சின் நிற்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. ஒரு வருடமாக நான் கவுன்ட்டரில் சொல்லிக்கொண்டிருந்ததை உங்கள் லெட்டர்ஹெட்டிலேயே யாரோ எழுதியிருக்கிறார்கள்! உலகத்துக்கு இது புதுக் குறையும் இல்லை. டென்சோ என்ற ஜப்பானிய உதிரிபாக நிறுவனம் செய்த பம்புகளில் இதே மாதிரி இம்பெல்லர் கோளாறு என்று 2020 முதல் டொயோட்டா, ஹோண்டா உட்படப் பல நிறுவனங்கள் லட்சக்கணக்கில் வண்டிகளைத் திரும்ப அழைத்தன. உங்கள் பம்ப் யார் செய்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓடும் வண்டி நிற்கிறது என்று ஒருவர் வந்து சொன்னால் பம்பைச் சந்தேகிக்க 2020-க்குப் பிறகு யாருக்கும் காரணம் இருந்தது.

அந்தக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு வரி: ஏற்கெனவே சொந்தச் செலவில் பம்ப் மாற்றியவர்கள் பில்லோடு விண்ணப்பித்தால் பணம் திருப்பித் தரப்படும். விண்ணப்பித்தேன். மறுத்தீர்கள். முதலில் உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில், "உங்கள் வண்டி ரீகால் பட்டியலிலேயே இல்லை" என்றார்கள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்பது தனி அனுபவம். அப்புறம் பட்டியலில் இருக்கிறது, ஆனால் முன்பு குறை பதிவானதாக வரலாறு இல்லை என்றார்கள்.

பழைய ஜாப் கார்டுகளை, அதாவது வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் குறையை எழுதிக் கையெழுத்து வாங்கும் தாள்களை, எடுத்து மேஜையில் பரப்பினேன். "வாடிக்கையாளர் சொல்லும் குறை" என்ற கட்டத்தில் முதல் கார்டில் "பிக்கப் குறைவு". இரண்டாவதில் "ஸ்டார்டிங் பிரச்சினை". மூன்றாவதில் "ஜெனரல் செக்-அப்". "ஓடும்போது எஞ்சின் நிற்கிறது" என்ற மூன்று வார்த்தை எதிலும் இல்லை. மூன்றிலும் கீழே என் கையெழுத்து இருக்கிறது. அது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். காலை நேரத்தில் பின்னால் பத்துப் பேர் நிற்க, நீட்டிய இடத்தில் போட்டேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான சேசிஸ் எண்ணில், என் வண்டிக்கு 12-ஆவது இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும். மூன்று கார்டிலும் அங்கே ஆங்கில எழுத்து 'ஓ' இருக்கிறது. முதல் தடவை தவறாக அடித்ததை அடுத்த இரண்டிலும் அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள். 17 இலக்கச் சேசிஸ் எண்ணில் 'ஐ', 'ஓ', 'க்யூ' ஆகிய எழுத்துகளைப் பயன்படுத்துவதே இல்லை. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக்கூடாது என்றுதான் அந்த விதி. இல்லாத எழுத்தை ஏற்றுக்கொள்ளும் மென்பொருளை டீலருக்கு யார் கொடுத்தார்கள்? அந்த 3 வருகைகளும் என் வண்டியின் கணக்கில் சேராமல், உலகத்தில் இல்லாத ஏதோ ஒரு வண்டியின் கணக்கில் கிடக்கின்றன. உங்கள் "பதிவாகவில்லை" என்ற வார்த்தைக்கு இதுதான் முழு அர்த்தம் என்று நினைக்கிறேன்.

பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. நான் காசு கொடுத்து மாற்றிய பம்பின் பாக எண் பில்லில் அச்சாகியிருக்கிறது. உங்கள் ரீகால் கடிதத்தில் குறையுள்ள பம்பின் பாக எண்ணும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான், ஓர் எண் கூட மாறவில்லை. டீலரிடம் கேட்டதற்கு, "நம்பர் அதேதான் சார், ஆனா உள்ள புது டிசைன்" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "கம்பெனியில் சொன்னாங்க." கழற்றிய பழைய பம்பைக் காட்டச் சொன்னேன், ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.

பாகத்தை மாற்றி எண்ணை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2014-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், சாவி போட்டுத் திருப்பும் இக்னிஷன் ஸ்விட்சில் இருந்த குறைக்காக லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சாவி தானாக நழுவி எஞ்சின் நின்றுவிடும், மோதினால் ஏர்பேக்கும் விரியாது. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட சாவுகள் மட்டும் 124. அந்த ஸ்விட்சை 2006-இல் சத்தமில்லாமல் திருத்தியிருந்தார்கள், பாக எண்ணை மட்டும் மாற்றவில்லை. பின்னால் விபத்துகளை ஆராய்ந்தவர்களுக்குப் பழசு எது, புதுசு எது என்று பல வருடம் புரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். நிறுவனமே ஏற்பாடு செய்த விசாரணையின் அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: ஓடும் வண்டி நிற்பதை அங்கே 'வாடிக்கையாளர் வசதி' சம்பந்தப்பட்ட குறை என்று வகைப்படுத்தியிருந்தார்கள், பாதுகாப்புக் குறை என்று அல்ல. "பிக்கப் குறைவு", "ஜெனரல் செக்-அப்" என்ற வார்த்தைகளை என் ஜாப் கார்டில் பார்க்கும்போது எனக்கு அந்த அறிக்கைதான் ஞாபகம் வருகிறது.

ரீகால் வேலைக்காவது வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், புது பம்ப் இன்னும் வரவில்லை, வந்ததும் கூப்பிடுகிறோம் என்கிறார்கள். இது 7-ஆவது வாரம். வண்டி வாசலில் நிற்கிறது. அம்மாவை ஏற்றிக்கொண்டு அதை ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை.

எனக்கு வேண்டியது இதுதான். முதலில் அந்த 3 வருகைகளையும் சரியான சேசிஸ் எண்ணில் சேர்த்து, குறை என்ன என்பதை நான் சொன்ன வார்த்தையில் பதிவு செய்யுங்கள். என் வாட்ஸ்அப் வீடியோவில் தேதியும் நேரமும் இருக்கிறது, அது வாரண்டிக்குள். அதன் அடிப்படையில் பம்ப், கூலி, டோ வண்டிக் கட்டணம், தேவையில்லாமல் மாற்றிய பிளக், த்ராட்டில் பாடி சுத்தம் செய்த பில் ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டும். இப்போது டேங்குக்குள் இருக்கும் பம்ப் எந்த மாதம் தயாரானது, திருத்திய வடிவமா என்பதை உங்கள் என்ஜினியரிங் பிரிவு எழுத்தில் சொல்ல வேண்டும். திருத்தியது என்றால் வெளியிலிருந்து பார்த்து அதை எப்படி அடையாளம் காண்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது தெரியும்வரை அல்லது புது பம்ப் வரும்வரை மாற்று வண்டி கொடுங்கள். டீலரிடம் இருப்பதே போதும், புதுசாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

அந்த அட்வைசரைத் தண்டிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது வண்டி பார்க்கிறவர், அவருக்குக் கொடுத்திருக்கும் கட்டத்தில் நான்கு வார்த்தைக்குத்தான் இடம் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தை நம்பி நீங்கள் ஒருவருக்கு "இல்லை" என்று மூன்று முறை எழுதுகிறீர்கள் என்றால் அது அவர் பிரச்சினை இல்லை, உங்கள் பிரச்சினை.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். போனில் வேண்டாம், போனில் பேசியது எதுவும் பதிவாவதில்லை என்பதைப் போதுமான அளவு கற்றுக்கொண்டேன். பதில் வராவிட்டால் இதே கடிதத்தை இதே இணைப்புகளோடு வாகனப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்புக்கும் அனுப்புவேன்.

ஜாப் கார்டுகள் 3, பில்கள் 4, டோ வண்டி ரசீது, உங்கள் ரீகால் கடிதம், அட்வைசருக்கு அனுப்பிய வீடியோவும் அவர் பதிலும், எல்லாவற்றையும் இதோடு இணைத்திருக்கிறேன். சேசிஸ் எண் தனித் தாளில் பெரிய எழுத்தில் இருக்கிறது. 12-ஆவது இடத்தில் இருப்பது பூஜ்யம். தயவுசெய்து பார்த்து அடிக்கவும்.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்