‘வளர்ற வயசு’ என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை முகாமில் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்கப் போன பிள்ளைகளில் சிலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். மாவட்டப் போட்டி என்று பேச்சு வந்ததும் வாரம் மூன்று நாள் பயிற்சி ஆறு நாளாகிறது, ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாகிறது. ‘மணிக்கட்டு வலிக்குது’, ‘குதிகால் வலிக்குது’ என்று பிள்ளை சொல்லத் தொடங்குவதும் அப்போதுதான். ‘வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்’ என்கிற பதிலைப் பெற்றோர் அந்த நேரத்தில் சொல்லாதிருக்க வேண்டும். அதற்காகவே இந்தக் கடிதம்.

மருத்துவர்கள் வளர்ச்சி வலி என்று சொல்வது வேறு. அது தொடையிலும் கெண்டைக்காலிலும் முழங்காலுக்குப் பின்னாலும், பெரும்பாலும் இரண்டு கால்களிலும், மாலையிலோ இரவிலோ வரும். காலையில் இருக்காது, பிள்ளை நொண்டாது. ‘இங்கேதான்’ என்று ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிற வலி, பயிற்சியில் கூடி ஓய்வில் குறைகிற வலி, அந்த வகையே அல்ல.

ஜிம்னாஸ்டிக்ஸ் கையைக் காலாக்கும் விளையாட்டு. பக்கவாட்டில் கை ஊன்றிச் சுழலும் கார்ட்வீல், கைகளில் தலைகீழாக நிற்கும் ஹேண்ட்ஸ்டாண்ட், பின்னால் வளைந்து கை ஊன்றித் தாவும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங், ஓடிவந்து மேசையில் கை ஊன்றித் தாண்டும் வால்ட் எல்லாவற்றிலும் உடல் எடை மணிக்கட்டில் இறங்குகிறது. அங்கே, கட்டைவிரல் பக்கத்து முன்கை எலும்பின் முனையருகே, குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீள்வது அந்த இடத்தில்தான். ஓய்வில்லாமல் இடிபட்டால் தட்டு புண்பட்டு, அந்த எலும்பின் வளர்ச்சி தடைப்படலாம். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் வளர்ந்துகொண்டே போனால் மணிக்கட்டின் அமைப்பே கோணிப்போகும். தொடக்கத்தில் எக்ஸ்ரே சரியாகவே தெரியலாம். அதை நம்பி மறுநாளே பயிற்சிக்கு அனுப்புவதுதான் பெரிய தவறு. கை ஊன்றும் பயிற்சியைக் குறைந்தது ஆறு வாரமாவது நிறுத்த வேண்டியிருக்கும். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிந்தால் இன்னும் கூடுதலாக.

குதிகால் வலி 8 முதல் 13 வயதுவரை அதிகம். குதிகாலை இருபக்கமும் விரலால் அழுத்தினால் பிள்ளை துள்ளும். வெறுங்காலில் திரும்பத் திரும்பக் குதித்து இறங்குவதும், இறுகிய கெண்டைக்கால் தசை குதிகால் எலும்பை இழுப்பதும் காரணம். இது நிரந்தரக் கேடு செய்வதில்லை. ஆனால் கெட்டியான விரிப்பில் இறங்குவதைக் குறைத்து மெத்தென்ற விரிப்புக்கு மாற்ற வேண்டும். பள்ளி ஷூவுக்குள் குதிகால் பஞ்சு வைக்கலாம். கெண்டைக்காலை 30 விநாடி வீதம் மூன்று முறை, தினமும் இழுத்துவிட வேண்டும்.

முதுகு வலிக்கு இவ்வளவு நிதானம் கூடாது. ஒற்றைக்காலில் நின்று பின்னால் வளையும்போது இடுப்புக்கு மேலே சுருக்கென்றால் அது முதுகெலும்பில் நுண்விரிசலாக இருக்கக்கூடும். இரண்டு வாரம் தாண்டிய முதுகு வலியோடு எந்தப் பிள்ளையும் வளைய வேண்டாம். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். இதையும் எக்ஸ்ரே தவறவிடக்கூடும், எம்ஆர்ஐ தேவைப்படலாம்.

‘வலிக்குதா?’ என்று கேட்டால், அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் பிள்ளை இல்லை என்றுதான் சொல்லும். கேட்பதைவிடப் பார்ப்பது மேல். காலையில் படுக்கையிலிருந்து இறங்கும் முதல் பத்து அடியைப் பாருங்கள். இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றித் தள்ளச் சொல்லி, இரு கையும் ஒன்றுபோல் தாங்குகிறதா என்று பாருங்கள். கதவு நிலையில் மாதந்தோறும் உயரத்தைக் கோடு போட்டு வையுங்கள். மூன்று மாதத்தில் 2 செ.மீ.க்கு மேல் ஏறினால் பிள்ளை வேகமாக வளர்கிறது என்று பயிற்சியாளரிடம் சொல்லி, குதித்து இறங்கும் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்தச் சமயத்தில் கைகால் நீளம் மாறுவதால் நேற்று வந்த வித்தை இன்று வராது. அதற்காகத் திட்டாதீர்கள்.

ஓய்வு என்றால் பயிற்சிக்கூடத்துக்கே போகக் கூடாது என்பதல்ல. கை ஊன்றக் கூடாதென்றால் கால்களை விரித்து அமரும் ஸ்பிலிட், வயிற்றுத் தசைப் பயிற்சி, பீம் என்ற குறுகிய கட்டையில் நடையும் திருப்பமும் இருக்கின்றன. வலி ஸ்பிரேயும் மாத்திரையும் கொடுத்துப் போட்டிக்கு அனுப்புவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். வலியை மறைத்தால் பிள்ளை தன் எல்லையை அறியாமல் குதிக்கும்.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். மதியம் 12.30க்கு உண்ட பிள்ளை மாலை 5 மணிக்குப் பயிற்சிக்குப் போனால், நடுவில் இரண்டு இட்லியோ, வாழைப்பழமும் கடலை மிட்டாயுமோ வேண்டும். எலும்பு வளரும் 9 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு 1,300 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 கிடைக்கும், மீதிக்குப் பாலும் தயிரும் கீரையும். ‘எடை குறைந்தால் பார் கம்பி வித்தை நன்றாக வரும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 15 வயதாகியும் பெண் பூப்படையாவிட்டாலோ, மாதவிடாய் மூன்று மாதம் நின்றாலோ, ‘விளையாடுற பொண்ணுக்கு அப்படித்தான்’ என்று விடாமல் மருத்துவரிடம் போங்கள்.

அவசரம் எதற்கு? பெண்கள் சர்வதேச சீனியர் போட்டிக்கு 1997 முதலே குறைந்தபட்ச வயது 16. இந்திய ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகர் 2016 ரியோ ஒலிம்பிக் வால்ட் இறுதியில் 0.15 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டபோது அவருக்கு வயது 23. மறு ஆண்டு முழங்கால் அறுவைச் சிகிச்சை. ஆசிய சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றது 2024இல், 30 வயதில். பத்து வயதுப் பிள்ளையின் ஆறு வார ஓய்வு இந்தக் கணக்கில் எத்தனை சிறியது!

போட்டி நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். நுழைவுப் படிவத்தோடு பிறப்புச் சான்றிதழ் கேட்கிறீர்கள். கடந்த மூன்று மாத உயர அளவும், வலி இருந்தால் எந்த இடத்தில், எத்தனை நாளாக என்ற குறிப்பும் கொண்ட ஒரு தாளை, பெற்றோரும் பயிற்சியாளரும் சேர்ந்து கையெழுத்திட்டுத் தரும்படி கேளுங்கள். வரும் மாவட்டப் போட்டியிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி