ஆறு நிமிடமும் பீர்ப் பெட்டியும்

எஸ்போ, பின்லாந்து
14.10.2025

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போட நேரமில்லை என்றால் சிரிப்பாய். ரிட்டயர் ஆனவனுக்கு மகள் வீட்டில் என்ன வேலை? பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன், கூட்டி வருகிறேன், சாயங்காலம் கருவேப்பிலைக்காக இந்தியக் கடைக்கு நடக்கிறேன். ஆறு மணி தாண்டினால் இருட்டு. அதற்கு மேல் தூக்கம்தான் வருகிறது.

உன் பையன் ஐரோப்பாவில் ஒரு கம்பெனி தொடங்க எஸ்டோனியாவா பின்லாந்தா என்று கேட்டிருந்தானே, கேட்ட நேரம் நல்ல நேரம். போன வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை எங்களை அக்கரைக்குக் கூட்டிப் போனார். ஹெல்சிங்கியிலிருந்து எஸ்டோனியாவின் தலைநகர் தாலினுக்குக் கடல் வழி எண்பது கிலோமீட்டர், பெரிய கப்பலில் இரண்டு மணி நேரம்.

கப்பலில் எதிர் சீட்டில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். விரல் நகங்களில் சிமென்ட் வெள்ளை. ஹெல்சிங்கியில் சுவர்ப் பூச்சு வேலை, வார இறுதிக்கு தாலின் வீட்டுக்குப் போகிறார். பேத்தியோடு சரளமாக பின்னிஷ் பேசினார். எங்கே படித்தீர்கள் என்று அவளை விட்டுக் கேட்கச் சொன்னேன். டி.வி.யில் என்றார். சோவியத் காலத்தில் பின்லாந்து டி.வி. அலைவரிசை கடல் தாண்டி தாலினில் எடுக்குமாம். அதைப் பார்த்தே பாஷையும் கற்றுக்கொண்டார்கள், அக்கரைக் கடைகளில் என்னென்ன கிடைக்கிறது என்றும் தெரிந்துகொண்டார்கள். 2006-இல் இவர் வேலைக்கு வந்தபோது இங்கே கிடைத்த கூலி அவர் ஊர்க் கூலியைப்போல நாலு மடங்கு. "இப்போது இரண்டு மடங்குகூடத் தேறாது. என்னோடு வந்தவர்களில் பாதிப் பேர் ஊர் திரும்பிவிட்டார்கள்" என்றார். பேத்தி மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, "தாத்தா, பாதி என்றால் நல்லதா கெட்டதா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

உன் பையன் ஏதோ ஒரு வரித் தரவரிசையைப் பார்த்து எஸ்டோனியா என்று முடிவு கட்டியிருப்பான். அந்தப் பட்டியல் அமெரிக்காவின் டாக்ஸ் ஃபவுண்டேஷன் போடுவது. 2014-இல் தொடங்கியதிலிருந்து வருஷா வருஷம் எஸ்டோனியாதான் முதலிடம். உலகப் பொருளாதார மன்றத்தின் 2019 போட்டித்திறன் பட்டியலை எடுத்தால் பின்லாந்து 11, எஸ்டோனியா 31. முன்னது வரிச் சட்டம் எவ்வளவு எளிது என்று பார்க்கிறது. பின்னது ரோடு, படிப்பு, ஆராய்ச்சி, நீதிமன்றம், சந்தை அளவு என்று எல்லாவற்றையும் எடை போடுகிறது. கடன் மனுவில் வருமானச் சான்றிதழை மட்டும் பார்த்து சாங்ஷன் பண்ணலாமா, சொல்லு.

ஆனால் எஸ்டோனியாக்காரர்களின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். மொத்த ஜனத்தொகையே பதினாலு லட்சத்துக்குள். 1991-இல் சோவியத்திலிருந்து வெளியே வந்தபோது கையில் ரூபிள், கடையில் ஒன்றுமில்லை. 1992 ஜூனில் சொந்த நாணயம் குரோன் வந்தது, எட்டு குரோன் ஒரு ஜெர்மன் மார்க் என்று கட்டிப்போட்டார்கள். அதே வருஷம் மார்ட் லார் பிரதமரானார், வயது 32. 1994-இல் எல்லோருக்கும் 26% என்று ஒரே விகித வருமான வரி. 2000-இலிருந்து கம்பெனி சம்பாதித்த லாபத்தைத் தொழிலிலேயே போட்டுவைத்தால் வரி கிடையாது. பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் அன்றைக்குத்தான் வரி, இப்போது 22%. நம் கணக்குப் புத்தகங்களில் லாபத்தை எப்படி ஒளிப்பது என்று படும் பாட்டை நினைத்துக்கொண்டேன். 2002-இல் மின்னணு அடையாள அட்டை, 2005-இல் இணையத்தில் ஓட்டு. ஸ்கைப்பின் மென்பொருள் 2003-இல் தாலினில் எழுதப்பட்டது. அதில் பணம் பார்த்த ஆட்கள் அடுத்தடுத்த கம்பெனிகளில் முதல் போட்டார்கள். பழையதென்று காப்பாற்ற எதுவும் இல்லாதவன்தான் இப்படிப் புது வீடு கட்ட முடியும்.

பின்லாந்துக்குக் காப்பாற்ற நிறைய இருந்தது. 2000 வாக்கில் நோக்கியா ஒன்று மட்டுமே நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 4%. ஏற்றுமதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அப்புறம் என்ன ஆனது என்பது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உள்ளவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2014-இல் கைபேசித் தொழில் மைக்ரோசாப்ட் கைக்குப் போனது, நவம்பரில் நம்மூர் ஆலையும் மூடியது. முன்பெல்லாம் இப்படி அடி விழுந்தால் பின்லாந்து தன் நாணயமான மார்க்காவின் மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியை மலிவாக்கிக்கொள்ளும். 1991-இலும் அதைத்தான் செய்தார்கள். யூரோவுக்கு வந்த பிறகு அந்தக் கதவு அடைபட்டுவிட்டது.

நாணயத்தைக் குறைக்க முடியாதவர்கள் கூலியைக் குறைத்தார்கள். 2016-இல் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் கையெழுத்திட்டது 'போட்டித்திறன் ஒப்பந்தம்'. பெயரே அதுதான்! கூடுதல் சம்பளமில்லாமல் வருஷத்துக்கு 24 மணி நேரம் அதிக வேலை. நாள் கணக்கில் வகுத்தால் சுமார் ஆறு நிமிடம். மாப்பிள்ளையின் ஆபீசில் ஒரு பெண்மணி தினமும் மாலை கோட்டு, தொப்பி, மப்ளர் எல்லாம் மாட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி ஆறு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாராம். நாட்டின் போட்டித்திறனுக்கு அந்தம்மாவின் பங்களிப்பு. சில வருஷங்களில் பெரும்பாலான துறைகள் அதைக் கைவிட்டன.

எஸ்டோனியா இதே மருந்தைக் கசக்கக் கசக்கக் குடித்தது. 2009-இல் பொருளாதாரம் ஏறத்தாழ 14% சுருங்கியும் நாணயத்தைத் தொடாமல் சம்பளத்தை வெட்டி, 2011-இல் யூரோவுக்குள் போய்விட்டது. அங்கே கோட்டு மாட்டி உட்கார்ந்திருக்க எவருக்கும் துணிவிருந்திருக்காது என்று நினைக்கிறேன். தொழிற்சங்கம் அவ்வளவு பலவீனம்.

இப்போது பீருக்கு வருகிறேன். பின்லாந்தில் சரக்கு வரி கடுமை. கொஞ்சம் கடுமையான சரக்கென்றால் நம் டாஸ்மாக் மாதிரி 'அல்கோ' என்ற அரசுக் கடையில்தான் வாங்க வேண்டும். அதனால் பின்லாந்துக்காரர்கள் கப்பலேறி தாலினுக்குப் போய், மடக்கு வண்டியில் பெட்டி பெட்டியாகக் கட்டி இழுத்து வருவார்கள். இதைப் பார்த்து ஆசைப்பட்ட எஸ்டோனியா 2017-இல் பீர் வரியை எழுபது சதவீத அளவுக்கு ஏற்றியது. என்ன நடந்தது தெரியுமா? எஸ்டோனியாக்காரர்களே தெற்கே காரை ஓட்டிக்கொண்டு லாத்வியாவுக்குப் போனார்கள். வால்கா என்று ஒரே ஊர் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிடக்கிறது. அந்தப் பக்கத்துக் கடைகளுக்கு அமோக வியாபாரம். 2019 ஜூலையில் எஸ்டோனியா வரியை 25% குறைத்தது. அடுத்த மாதமே லாத்வியா தன் சாராய வரியைக் குறைத்தது.

முழுக் கதையும் அந்தப் பெட்டிகளுக்குள் இருக்கிறது. பின்லாந்துக்கு எஸ்டோனியா செய்ததை எஸ்டோனியாவுக்கு லாத்வியா செய்கிறது. மலிவாக இருந்து ஜெயித்தவனுக்குக் கூலி ஏறும், கூலி ஏறினால் மலிவு போகும். 2022 ஆகஸ்டில் எஸ்டோனியாவில் விலைவாசி ஏற்றம் 25%. ரஷ்யாவுக்குப் பக்கத்தில் இருப்பதால் ராணுவச் செலவு வேறு ஏறுகிறது. 2023 வரை 20% ஆக இருந்த மதிப்புக் கூட்டு வரி இந்த ஜூலையில் 24% ஆகிவிட்டது. பின்லாந்தில் 25.5%. தாலினில் நாங்கள் குடித்த காபிக்கும் ஹெல்சிங்கிக் காபிக்கும் சில்லறைக் காசுதான் வித்தியாசம். கப்பலில் பேத்தியிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில், அந்தப் பூச்சு வேலைக்காரருக்கு நல்லது, அவரைக் கூலிக்கு வைத்தவருக்குக் கெட்டது.

உன் பையனுக்கு என் யோசனை. வேலை முழுக்கக் கோவையில் நடந்து, ஐரோப்பாவில் பில் போட ஒரு கம்பெனி மட்டும் வேண்டும், லாபத்தை உடனே எடுக்கப்போவதில்லை என்றால் எஸ்டோனியா. 2014 முதல் ஈ-ரெசிடென்சி என்று ஒரு அட்டை தருகிறார்கள், கோவையில் உட்கார்ந்தபடியே கம்பெனி பதிவு பண்ணலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு அங்கே போய்க் குடியிருக்க முடியாது, அது விசா அல்ல. இதைத் தெளிவாகச் சொல்லிவிடு. டெலிகாம் என்ஜினீயர்கள் வேண்டும், குடும்பத்தோடு வந்து தங்க வேண்டும் என்றால் எஸ்போதான். வரி அதிகம் என்று முணுமுணுப்பான். பேத்திக்குப் புத்தகமும் மதியச் சாப்பாடும் பள்ளிக்கூடத்திலேயே காசில்லாமல் கிடைப்பதைப் பார்க்கிற எனக்கு அந்த வரி எங்கே போகிறதென்று தெரிகிறது.

முட்டி ஆபரேஷனுக்குத் தேதி வைத்தாயா, இன்னும் தள்ளிப்போடுகிறாயா? நாங்கள் டிசம்பர் முதல் வாரம் கிளம்புகிறோம். குளிர் தாங்காது என்பது என் மனைவி சொல்லும் காரணம், முருங்கைக்காய் கிடைக்கவில்லை என்பது நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது மாப்பிள்ளையும் இரண்டு பெட்டி பீர் தூக்கி வந்தார். எங்கள் நாலு பேர் டிக்கெட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

அன்புடன்,
ராமநாதன்