அணிலும் தவிட்டுக்குருவியும்

ஐயா,

தோட்டத்தில் அணிலும் தவிட்டுக்குருவிக் கூட்டமும் பக்கத்தில் பக்கத்தில் மேய்வது தற்செயல் அல்ல. பூனையோ வல்லூறோ தென்பட்டால் குருவிகள் கத்தும்; அதைக் கேட்டதும் அணில் மரமேறிவிடும். அருமையான ஏற்பாடு!

இதைக் கெடுப்பது பெரும்பாலும் நம் அன்புதான். ஒரே தட்டில் தானியத்தைக் குவித்தால் சண்டை வரும். எச்சம் கலந்து நோயும் பரவும். இரண்டு தட்டுகளை 3 மீட்டர் தள்ளி வையுங்கள். பூனை பதுங்கும் புதரை ஒட்டி வேண்டவே வேண்டாம். தண்ணீர் 5 செ.மீ. ஆழம் போதும், தவறி விழும் குஞ்சு ஏற நடுவில் கல் வேண்டும். தினமும் தேய்த்துக் கழுவுங்கள். உப்புத் தின்பண்டம் கூடாது.

தயவுசெய்து சருகை முழுக்கக் கூட்டி எரிக்காதீர்கள். தவிட்டுக்குருவி அதைப் புரட்டித்தான் பூச்சி பொறுக்கும். சருகு போனால் கூட்டமே இடம் மாறிவிடும், அணில் தன் காவலை இழக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்