செயலாளர் ஆண்டறிக்கை 2025-26: ரெப்போ பராமரிப்பு

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், ராயபுரம் முதல் எண்ணூர் வரை கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். சந்தா பாக்கிப் பட்டியலும் அவரிடம்தான் இருக்கிறது. இந்த அறிக்கை வேலையைப் பற்றியது மட்டும், அதிலும் ரெப்போ பற்றி. ரெப்போ என்பது லினக்ஸ் இயங்குதளம் போட்ட மெஷின் தனக்கான பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) இறக்கும் சர்வர் களஞ்சியம்; அவற்றை இறக்கி நிறுவும் கருவி ஆப்ட். கூட்டத்தில் வாசிக்க வேண்டியிருப்பதால் கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் வழக்கம்போல் அடித்துக்கொள்ளவும்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய மெஷின்களுக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. டியூஷன் சென்டர், ஜெராக்ஸ் கடை, மீன் கமிஷன் மண்டிக் கணக்கு என்று எங்கிருந்து வந்தாலும் அந்தப் பெட்டிகளுக்கு லினக்ஸ் மின்ட் அல்லது டெபியன் (இரண்டும் லினக்ஸ் வகைகள்) போட்டுக் கொடுத்தோம். போட்டுக் கொடுத்த பிறகு "அப்டேட் ஆக மாட்டேங்குது" என்று திரும்பி வந்தவற்றில் டிஸ்க், ராம் கோளாறைவிட ரெப்போ கோளாறுதான் அதிகம். ஆகவே இந்த ஆண்டுப் பயிற்சிகளை முழுக்க அதற்கே ஒதுக்கினோம்.

முதலாவது, மின்ட் மெஷினில் வெளியார் ரெப்போ சேர்ப்பது. பிரிண்டர், பிரவுசர், ரிமோட் டெஸ்க்டாப் நிறுவனங்கள் தரும் வழிமுறையில் "எல்எஸ்பி_ரிலீஸ் -சிஎஸ்" என்ற கட்டளை வழியாகப் பதிப்புப் பெயரை எடுத்துக்கொள்ளும் வரி இருக்கும். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பில் அது "நோபிள்" என்று தரும். அதே உபுண்டுவின் மேல் கட்டப்பட்ட மின்ட் 22இல் "வில்மா" என்றும், 22.1இல் "சியா" என்றும், 22.2இல் "ஜாரா" என்றும் தரும். வெளி நிறுவனத்தின் சர்வரில் வில்மா என்ற பெயரில் எதுவும் இருக்காது. உடனே 404 (கேட்டது இல்லை) என்ற பிழை, கூடவே "ரிலீஸ் ஃபைல் இல்லை" என்ற செய்தி. நெட் கோளாறு என்று நினைத்து ரூட்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை. "/இடிசி/ஓஎஸ்-ரிலீஸ்" ஃபைலைத் திறந்தால் "உபுண்டு_கோட்நேம்" என்ற வரியில் சரியான பெயர் இருக்கிறது. அதைக் கையால் எழுதினால் முடிந்தது.

இரண்டாவது, சாவி, அதாவது ரெப்போவின் டிஜிட்டல் கையெழுத்து உண்மையா என்று சரிபார்க்கும் ஃபைல். "ஆப்ட்-கீ ஆட்" முறையில் சேர்த்த சாவி அந்த மெஷினில் உள்ள எல்லா ரெப்போவுக்கும் செல்லுபடியாகும். ஒரு பிரிண்டர் கம்பெனி கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி கசிந்தால், அதைக் கொண்டு சிஸ்டத்தின் மையமான கெர்னல் பேக்கேஜுக்கே போலிக் கையெழுத்துப் போடலாம். அதனால்தான் அந்த முறையைக் கைவிட்டார்கள். டெபியன் 13இல் அந்தக் கட்டளையே இல்லை. இப்போதைய முறை: சாவியை "/இடிசி/ஆப்ட்/கீரிங்ஸ்" ஃபோல்டரில் வைத்து, ரெப்போ ஃபைலில் "சைன்ட்-பை" வரியில் அதன் பாதையைக் குறிப்பது. எழுத்து வடிவச் சாவிக்கு ஃபைல் பெயர் "ஏஎஸ்சி" என்றும், பைனரிச் சாவிக்கு "ஜிபிஜி" என்றும் முடிய வேண்டும்; மாற்றி வைத்தால் ஆப்ட் அதைப் படிக்காது. இன்னொன்று அடிக்கடி தவறிப்போகிறது. ஆப்ட் டவுன்லோடு வேலையை ரூட் என்ற முழு அதிகாரப் பயனராகச் செய்வதில்லை, "_ஆப்ட்" என்ற தனிப் பயனராகச் செய்கிறது. சாவி ஃபைலின் அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம்) என்று இருந்தால் அந்தப் பயனரால் திறக்க முடியாது. சாவி கண்ணெதிரே இருக்கும், திரையில் "நோ_பப்கீ" (சாவி இல்லை) என்று வரும். அனுமதியை 644 (எல்லோரும் படிக்கலாம்) ஆக்கினால் தீர்ந்தது.

யூடியூப் பார்த்து "ட்ரஸ்டட்=எஸ்" (கையெழுத்தைப் பார்க்காமலே நம்பு) போட்டுவிடும் பழக்கத்தைச் சங்கம் கண்டிக்கிறது. டெபியன், உபுண்டு ரெப்போக்கள் மறையாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபியில் வந்தாலும் பாதுகாப்பானவை என்பதற்குக் காரணமே கையெழுத்துதான். "இன்ரிலீஸ்" ஃபைலுக்குக் கையெழுத்து. அதற்குள் பேக்கேஜ் பட்டியலின் எஸ்எச்ஏ256 எண் (உள்ளடக்கம் மாறினால் மாறிவிடும் சரிபார்ப்பு எண்). பட்டியலுக்குள் ஒவ்வொரு பேக்கேஜின் எண். அந்த ஒரு சொல்லைப் போட்டால் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே அறுந்துவிடும்.

டெபியன் 13 போட்ட மெஷின்களில் ஒரு புதுச் சிக்கலும் வந்தது. எஸ்எச்ஏ1 என்ற வலுக்குறைந்த பழைய முறையில் போட்ட கையெழுத்துகளை 2026 பிப்ரவரி 1 முதல் அதன் ஆப்ட் ஏற்பதில்லை. நேற்று வரை எச்சரிக்கை மட்டும் காட்டிய ரெப்போ இன்று பிழை காட்டும். நம் பக்கம் சரிசெய்ய ஒன்றுமில்லை. சாவியைப் புதுப்பிக்க வேண்டியவர் ரெப்போக்காரர். அதுவரை ரெப்போ ஃபைலில் "எனேபிள்ட்: நோ" என்று போட்டு நிறுத்தி வைக்கவும். அழிக்க வேண்டாம், பிறகு தேட வேண்டியிருக்கும்.

இந்த வரி "சோர்சஸ்" என்று முடியும் புதுவகை ஃபைலில்தான் வேலை செய்யும். பழைய ஒரு வரி "லிஸ்ட்" ஃபைலை மாற்ற டெபியன் 13இல் "ஆப்ட் மாடர்னைஸ்-சோர்சஸ்" இருக்கிறது. கையால் மாற்றுகிறவர்கள் பழைய ஃபைலை எடுத்துவிட மறக்கிறார்கள். இரண்டும் இருந்தால் "கான்ஃபிகர்ட் மல்டிபிள் டைம்ஸ்" என்று திரை முழுக்க எச்சரிக்கை ஓடும். ஒரு ரெப்போவின் வரிகளுக்கு நடுவே வெற்று வரி விட்டாலும் கோளாறு, ஏனென்றால் வெற்று வரிக்குப் பிறகு வருவதை ஆப்ட் வேறொரு ரெப்போ என்று எடுத்துக்கொள்ளும்.

பழைய மெஷின் எடுக்கிற உறுப்பினர்கள் கவனிக்க: ரெப்போவில் கை வைக்கும் முன் "டேட்" என்று அடித்துப் பார்க்கவும். ரிச்சி தெருவில் வாங்கும் பெட்டிகளில் பாதிக்கு மதர்போர்டில் தேதியைக் காக்கும் சிஆர்2032 பேட்டரி செத்திருக்கும். கரன்ட் போய் வந்தால் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். ஆப்ட் "ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று சொல்லும்; எச்டிடிபிஎஸ் (மறையாக்க இணைப்பு) ரெப்போ என்றால் சான்றிதழ் பிழை வரும். இதை ரெப்போ கோளாறு என்று நினைத்து முழு லிஸ்டையும் மாற்றி எழுதியவர்கள் உண்டு. புது பேட்டரி மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். அதை மாற்றி, "டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ" கொடுத்து நேரத்தை நெட்டிலிருந்து எடுக்க வைத்த பிறகும் பிழை நின்றால் மட்டும் ரெப்போவைப் பார்க்கவும்.

டி.எச். ரோடு பயிற்சி அறையில் ஆப்ட்-கேஷர்-என்ஜி மெஷின் ஒன்று வைத்திருக்கிறோம். ஒரு மெஷின் இறக்கிய பேக்கேஜை அடுத்த மெஷின் நெட்டைத் தொடாமல் எடுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் புளியந்தோப்பு, பட்டாளம் பக்கம் கேபிள் போனபோது இதுதான் கைகொடுத்தது. போர்ட் 3142. கிளையன்ட்டில் (பேக்கேஜ் கேட்கும் மெஷினில்) இதன் வழியாக இறக்கச் சொல்லும் ஆப்ட் ப்ராக்ஸி வரி ஒன்று போதும். எச்டிடிபிஎஸ் ரெப்போவை இது சேமிக்காது, வழிவிட அனுமதித்தால் கடந்துபோக விடும், அவ்வளவே. "ஹாஷ் சம் மிஸ்மேட்ச்" வந்தால் பழைய பட்டியல் தங்கியிருக்கிறது என்று பொருள். கிளையன்ட்டில் "/வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ்" உள்ளே இருப்பதை அழித்து மறுபடி "ஆப்ட் அப்டேட்" கொடுக்கவும். முக்கியமானது: ப்ராக்ஸி வரியை எடுக்காமல் லேப்டாப்பை வாடிக்கையாளரிடம் கொடுக்காதீர்கள். வீட்டில் நம் அறை மெஷினின் ஐபி முகவரி இருக்காது, எல்லா ரெப்போவும் செத்ததுபோல் தெரியும். வந்து போகிற மெஷின் என்றால் "ப்ராக்ஸி-ஆட்டோ-டிடெக்ட்" ஸ்கிரிப்ட் வைத்து, 3142 கிடைக்காதபோது "டைரக்ட்" என்று சொல்ல வைக்கவும்.

அரசு இலவச மடிக்கணினிகளில் போஸ் லினக்ஸ் இருந்தபடியே சில வந்தன. போஸ், சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அடிப்படை ஒன்றுதானே என்று அதன் லிஸ்டில் இன்றைய டெபியன் ரெப்போவைச் சேர்த்தால் லிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் பதிப்பு மோதி, பாதி மேம்பட்ட நிலையில் சிஸ்டம் நின்றுபோகும். கோப்புகளை எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே மலிவு.

டெபியன் லிஸ்டில் "ஸ்டேபிள்" என்று எழுதாமல் பதிப்பின் பெயரை எழுதவும். 2025 ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வந்ததும், "ஸ்டேபிள்" என்று எழுதியிருந்த மெஷின்கள் புக்வார்மிலிருந்து (டெபியன் 12) ட்ரிக்ஸிக்கு (டெபியன் 13) மாறச் சம்மதம் கேட்டன. "எஸ்" அடித்த வாடிக்கையாளர்கள் நம்மிடம் வந்தார்கள். டெபியன் 11இலிருந்து 12க்கு ஏற்றுகிறவர்கள் "நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்" என்ற புதுப் பிரிவைச் சேர்க்கவும், இல்லாவிட்டால் வைஃபை சிப்பின் உள்மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் வராது. டெபியன் 11க்கான நீண்டகால ஆதரவு 2026 ஆகஸ்ட் 31 அன்று முடிகிறது. அந்த மெஷின்களை அதற்குள் வரவழைக்கவும். ஏற்றும் முன் வெளியார் ரெப்போ எல்லாவற்றையும் நிறுத்துவது கட்டாயம்.

வெளியார் ரெப்போவிலிருந்து ஒரே ஒரு பேக்கேஜ்தான் வேண்டும் என்றால் முன்னுரிமை எண்ணைப் பயன்படுத்தவும். சாதாரண ரெப்போவுக்கு 500. "ப்ரிஃபரன்சஸ்.டி" ஃபோல்டரில் அந்த ரெப்போ முழுவதற்கும் 100 கொடுத்து, வேண்டிய பேக்கேஜுக்கு மட்டும் 500 கொடுத்தால் மற்றவை நுழையாது. 1000 அல்லது அதற்கு மேல் கொடுத்தால் பதிப்பைக் கீழே இறக்கவும் ஆப்ட் தயங்காது, ஆகவே அந்த எண் பக்கமே போக வேண்டாம். போட்டது பலித்ததா என்று "ஆப்ட் பாலிசி" காட்டும்.

ஆப்ட்டுக்கு வெளியே செயலிகளை நிறுவும் இன்னொரு முறையான பிளாட்பேக் பற்றிச் சுருக்கமாக. மின்ட்டில் அதன் களஞ்சியமான பிளாட்ஹப் ஏற்கெனவே இருக்கிறது; டெபியனில் "ரிமோட்-ஆட் --இஃப்-நாட்-எக்சிஸ்ட்ஸ்" கொடுத்துச் சேர்க்க வேண்டும். "--யூசர்" (அந்தப் பயனருக்கு மட்டும்) போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை என்று இரண்டு இடத்திலும் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு நிறுவலிலும் எது என்று கேட்கும், டிஸ்க்கும் இரட்டிப்பாகத் தின்னும். "பிளாட்பேக் ரிமோட்ஸ்" கொடுத்தால் சிஸ்டமா யூசரா என்று பக்கத்திலேயே தெரியும். "ரிமோட்-டிலீட்" செய்யும் முன் அதிலிருந்து நிறுவிய செயலிகளையும் சேர்த்து நீக்கக் கேட்கும். படிக்காமல் சம்மதிக்க வேண்டாம். தற்காலிகமாக நிறுத்த "ரிமோட்-மாடிஃபை --டிசேபிள்" போதும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு ஒரு தீர்மானம்: கடையை விட்டுப் போகும் ஒவ்வொரு மெஷினின் பில்லிலும், சேர்த்த வெளியார் ரெப்போவின் பெயர், யாருக்காகச் சேர்த்தது, சாவி வைத்த பாதை ஆகிய மூன்றையும் எழுதித் தர வேண்டும். அடுத்த கடைக்காரர் திறந்து பார்க்கும்போது அவருக்கு அரைமணி நேரம் மிச்சம். இந்தத் தீர்மானத்தையும் அறிக்கையையும் ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்