சேர்க்கையோடு முடிவதில்லை பொறுப்பு

ஐயா,

அரசு உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் சொல்கிறது. ஆனால், இடம் கொடுத்ததோடு தங்கள் கடமை முடிந்துவிட்டதாகப் பல்கலைக்கழக நிர்வாகங்கள் கருதக் கூடாது. சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்காக வாசலில் சாய்தளம் கட்டிவிட்டு, மின்தூக்கி இல்லாத முதல் மாடியில் அவருக்குத் தேர்வறை ஒதுக்கினால், ஒவ்வொரு தேர்வன்றும் தூக்கிச் செல்ல ஆள் தேடி அவர் காத்திருக்க நேர்கிறது, இது பெருங்கொடுமை. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கமிருந்து குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைகளோ, ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் உதவித்தொகை விண்ணப்பத்தைப் பார்த்துத் தயங்கியே கடைசித் தேதியைத் தவறவிடுகிறார்கள். விண்ணப்பங்களைத் தமிழிலும் வழங்கி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தரைத்தளத்திலேயே தேர்வு நடத்த வரும் பருவத்திலேயே ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருமங்கலம்.